வேரைத் தேடிய வேந்தர் சரபோஜி

தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செல்வோர் விமானத்தையும் நந்தியையும் கண்டு திரும்பிவிடுவர். திருச்சுற்றின் தென்மேற்குப் பக்கச் சுவரை நின்று நோக்குவோர் சிலரே. அங்கே நெடுந்தூரத்திற்குத் தேவநாகரி எழுத்தில் மராத்தி மொழிச் சாசனம் ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. போன்ஸ்லே வம்ச சரித்திரம் என்று அதற்குப் பெயர். 1803ஆம் ஆண்டில் சரபோஜி மன்னர் ஆணையால், அவர்தம் செயலாளர் பாபுராயர் எழுதியது. நம் நாட்டின் மிக நீண்ட கல்வெட்டுகளுள் ஒன்றாக அஃது எண்ணப்படுகிறது. தஞ்சை மண்ணை விட்டுப் புனே மாவட்டத்து ஹிஞ்சேவாடியில் குடியேறி வாழும் நமக்கு, புனேயை விட்டுத் தஞ்சையில் குடியேறிய குடும்பம் ஒன்றின் வரலாறு சொந்தக் கதை போலவே தோன்றுகிறது.

அக்குடும்பத்தின் முதற் பெருமகன் எல்லோராவை அடுத்த வேரூலைச் சேர்ந்த மாலோஜி. அகமதுநகர் நிஜாம்ஷாஹி அரசரிடம் பணிபுரிந்து, புனே, சுபே ஆகிய பகுதிகளை ஜாகீராகப் பெற்றார். ஷா ஷரீப் என்னும் பெரியாரின் அருளால் பிறந்தனர் என்று கருதித் தம் மக்கள் இருவருக்கும் ஷாஹாஜி, ஷரீப்ஜி எனப் பெயரிட்டார் என்பர். ஷரீப்ஜி என்பதே மருவிச் சரபோஜி ஆயிற்றாம். இஸ்லாமியப் பெரியார் ஒருவர் பெயர் மராத்தியர் நாவில் திரிந்து, தமிழகத்து அரசர் பெயராய் வந்தமைந்த விந்தையை என்னென்பது!

ஷாஹாஜிக்கு ஜீஜாபாயிடம் பிறந்தவர் சத்திரபதி சிவாஜி. துக்காபாயிடம் பிறந்தவர் ஏகோஜி. பீஜப்பூர் சுல்தானின் படைத்தலைவராய்த் தெற்கே வந்த ஏகோஜி, நாயக்கர் ஆட்சி சரிந்த தஞ்சையை 1670களின் நடுவில் கைக்கொண்டார். 1677இல் அண்ணனும் தம்பியும் கொள்ளிடக்கரைத் திருமழபாடியில் சந்தித்தனர். தந்தை சொத்தில் பங்கு கேட்டார் அண்ணன். பாகப்பிரிவினைப் பூசல் அரசர் வீட்டையும் விடவில்லை!

ஏகோஜிக்குப்பின் ஒரு நூற்றாண்டு கழித்து ஆண்டவர் துளஜாஜி. தம் மக்களையெல்லாம் இழந்த அம்மன்னர், 1787இல் மரணப்படுக்கையில் இருந்தபோது, போன்ஸ்லே குலத்தின் வேறொரு கிளையில் 1777ஆம் ஆண்டு பிறந்த சிறுவனைத் தத்தெடுத்தார். அச்சிறுவனே நம் சரபோஜி. ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ் ஐயரிடம் அவனைக் காக்கும்படி வேண்டிக்கொண்டு கண்மூடினார்.

ஆனால் துளஜாஜியின் தம்பி அமரசிம்மர், அந்தத் தத்து செல்லாது என்று வாதிட்டார். பண்டிதர்களைக் கேட்டபோது அவர்களும் செல்லாது என்றே உரைத்தனர். கிழக்கிந்தியக் கம்பெனியார் அமரசிம்மரையே அரசராக்கினர். சிறுவன் அரண்மனையிலேயே அடைபட்டுத் துன்புற்றான். சுவார்ட்ஸ் ஐயரின் இடைவிடாத முறையீட்டால் 1793இல் சென்னைக்கு அனுப்பப்பட்டுக் கல்வி கற்றான். வழக்கு மீண்டும் ஆராயப்பட்டது. இம்முறை தத்து செல்லும் என்று பண்டிதர் சொல்லினர். சாத்திரம் மாறவில்லை, கேட்டவர் மனம் மாறியிருந்தது போலும். 1798 ஜூன் மாதத்தில் சரபோஜி அரியணை ஏறினார். அதைக் காணச் சுவார்ட்ஸ் ஐயர் உயிருடன் இல்லை. அவ்வாண்டு பிப்ரவரியிலேயே காலமானார்.

மறு ஆண்டே கம்பெனியாருடன் உடன்படிக்கை. நாட்டின் ஆட்சி அவர்களிடம் சென்றது. மன்னருக்கு எஞ்சியவை கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்குமே. வாள் போன பின்னர் அவர் ஏட்டைக் கையிலெடுத்தார். சரசுவதி மகாலுக்குச் சுவடிகள் சேர்த்தது, காசி யாத்திரையிலும் சுவடி திரட்டியது, தன்வந்திரி மகாலில் மருத்துவம் வளர்த்தது, கண்ணோயாளருக்குச் சிகிச்சை நடத்திக் குறிப்பும் படமும் எழுதுவித்தது, தேவநாகரி அச்சுக்கூடம் அமைத்தது ஆகியவற்றை நம் வாசகர் அறிவர். மராத்தியில் பூகோளம் சொல்லும் குறவஞ்சி நாடகம் அவர் இயற்றியது. அவரையே பாட்டுடைத் தலைவராக்கிச் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய தமிழ்க் குறவஞ்சி பெரிய கோயிலில் ஆடப்பட்டது.

இத்தனையினும் எம் மனத்தைத் தொடுவது அந்தச் சுவரே. இவன் இக்குலத்தவன் ஆகான் என்று ஊரறியச் சொல்லப்பட்ட ஒருவர், அரியணை ஏறிய ஐந்தே ஆண்டுகளில், தொன்மை முன்னோர் தொடங்கித் தம் வரையில் குலமுறை முழுவதையும் கல்லில் வெட்டுவித்தார். அதிற் கண்ட ஆண்டுகளிலும் செய்திகளிலும் பிழையுண்டு என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். இருக்கட்டும். தம் வீட்டுக் கதையைச் சொல்லும்போது முன்னோர் பெருமையைச் சற்றுக் கூட்டாதவர் யார்?

1832இல் சரபோஜி மறைந்தார். மகன் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி இறக்க, கம்பெனியார் அரசையும் அரண்மனைச் சொத்தையும் எடுத்துக்கொண்டனர். அரசி காமாட்சிபாய் தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. அரசாங்கச் செயலை நீதிமன்றம் விசாரிக்க இயலாது என்று 1859இல் தீர்ப்பாயிற்று.

சென்ற கோடை விடுமுறையில் ரயில்வே பாஸில் ஊர் சென்றிருந்தபோது, இங்கே பள்ளியில் மராத்தி பயிலும் எம் மகனை அச்சுவரருகே நிறுத்தினோம். எமக்கு ஓர் எழுத்தும் புலப்படவில்லை. அவனோ ஷாஹாஜி, ஏகோஜி என்று பெயர்களைத் தடவித் தடவிப் படித்தான். பழைய மராத்தியாதலால் பொருள் முழுதும் விளங்கவில்லை. திரும்பும் வழியில், நம் குடும்பத்தில் எத்தனை பெயர் தெரியும் அப்பா என்று கேட்டான். பாட்டனாரின் தந்தை வரையில் சொன்னோம். அதற்குமேல் எமக்குத் தெரியவில்லை. கும்பகோணத்திலுள்ள பெரியப்பாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.