ஜார்ஜ் காட்பரி

பெருந்தொழில் நடத்திய முதலாளிகளின் சரித்திரம் பெரும்பாலும் அவர்கள் ஈட்டிய பொருளின் சரித்திரமாகவே எழுதப்படுகின்றது. நாம் ஈண்டு எழுதப் புகுந்ததோ, தம்மிடம் வேலை செய்தாரை மதித்து நடத்தியமையாற் பேர்பெற்ற ஒருவரது சரித்திரமாம். அவர் வாழ்வில் ஒரு குறையும் உண்டு. அதனையும் மறையாது கூறுவோம்.

ஜார்ஜ் காட்பரி என்பார் 1839-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 19-ஆம் நாள், இங்கிலாந்து தேசத்துப் பர்மிங்ஹாம் நகரைச் சார்ந்த எட்ஜ்பாஸ்டனிற் பிறந்தார். இவர் தந்தையார் ஜான் காட்பரி, குவேக்கர் என்னுங் கிறிஸ்தவ சங்கத்தினர்; 1824-இல் தேயிலை, காப்பி, கோக்கோ விற்குங் கடையொன்று திறந்து, பின்னர்க் கோக்கோ செய்யுந் தொழிலையும் நடத்தினார். அத்தொழில் நலிவுற்றிருந்த 1861-இல், ஜார்ஜும் அவர் தமையனார் ரிச்சர்டும் அதனை ஏற்றனர். தாயார் வழிவந்த பொருளை அதிலிட்டும், சில ஆண்டுகள் நஷ்டமே கண்டனர். 1866-இல் கொழுப்பைப் பிழிந்து நீக்கிய தூய கோக்கோவை விற்பனைக்குக் கொணர்ந்த பின்னரே தொழில் தழைக்கலாயிற்று.

ஞாயிறுதோறும் அதிகாலையில், எழுத்தறியாத தொழிலாளருக்கு ஏறக்குறைய ஐம்பதாண்டு காலம் ஜார்ஜ் பாடங் கற்பித்து வந்தார். அவர்கள் இல்லங்களுக்குச் சென்று, காற்றும் வெளிச்சமும் புகாத சந்துகளில் அவர்கள் படுந் துன்பத்தைக் கண்ணாரக் கண்டார். ஆகவே 1879-இல் சகோதரர் இருவரும் தம் ஆலையை நகருக்குத் தெற்கே நான்கு மைல் தொலைவிலுள்ள நாட்டுப்புறத்திற்கு மாற்றி, அவ்விடத்திற்குப் பூர்ன்வில் எனப் பெயரிட்டனர். விளையாட்டு வெளிகளும் உணவுச் சாலைகளும் ஆங்கு அமைந்தன. 1893-இல் ஜார்ஜ் அதனருகே 120 ஏக்கர் நிலம் வாங்கித் தோட்டத்தோடு கூடிய வீடுகள் கட்டுவித்து, 1900-இல் அக்கிராமத்தைத் தமக்கோ தம் மக்களுக்கோ ஊதியம் வராதவாறு ஒரு தரும ஸ்தாபனத்திற்கு ஒப்புவித்தார். 1899-இல் ரிச்சர்டு காலமான பின், ஜார்ஜ் கம்பெனியின் தலைவரானார். தொழிலாளர் தம் கருத்தைக் கூறுதற்கு ஆலைக் கமிட்டிகளும், 1906-இல் உபகாரச் சம்பள நிதியும் ஏற்பட்டன.

இனி அக்குறையைக் கூறுவோம். கம்பெனி வாங்கிய கோக்கோவிற் பெரும்பகுதி, நம் சென்னைச் சாந்தோமைப் போலவே தோமா அப்போஸ்தலர் பெயர் பூண்ட சாவோ தோமே என்னும் போர்த்துகேசியத் தீவினின்று வந்தது. ஆப்பிரிக்காவின் அங்கோலாவிலிருந்து கொணரப்பட்ட மக்கள் ஆங்கு ஒப்பந்தக் கூலிகள் என்ற பெயரால் அடிமைகளாய் உழைத்தனர். 1901-இலேயே இச்செய்தி கம்பெனியின் செவிக்கெட்டியது. உண்மையறிய 1905-இல் ஜோசப் பர்ட் என்பாரை அனுப்பினர். 1908-இல் ரிச்சர்டின் குமாரர் வில்லியமே நேரிற் சென்றார். 1909-இல்தான் அக்கோக்கோவை வாங்குவதை நிறுத்தினர். வாங்குவோராய் இருந்தாலன்றிப் போர்த்துகேசிய அரசினரை வற்புறுத்த இயலாது என்பது அவர்கள் எண்ணம். ஆயினும் அந்த எட்டாண்டுகளில் அடிமைகளின் வியர்வை பூர்ன்வில்லின் பூந்தோட்டங்களுக்கு நீராயிற்று என்பதை நாம் மறுக்கவொண்ணாது.

இதனைக் குறித்து இழித்தெழுதிய ஒரு பத்திரிகையின்மேற் கம்பெனி மானநஷ்ட வழக்குத் தொடுத்தது. 1909-இல் ஜூரிகள் கம்பெனியின் பக்கமே தீர்ப்பளித்தனர். ஆனால் நஷ்டஈடாக அவர்கள் விதித்தது ஒரு பார்திங், அஃதாவது ஒரு பென்னியின் காற்பங்கே. வழக்கில் வென்றவர் அக்காசைக் கையில் ஏந்தியபோது என் நினைந்திருப்பாரோ!

ஜார்ஜ் காட்பரி 1922-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 24-ஆம் நாள் மறைந்தார். அவர் கம்பெனி 2010-இல் அமெரிக்கக் கம்பெனியொன்றின் கைக்கு மாறிற்று. பூர்ன்வில் கிராமமோ இன்றும் அத்தரும ஸ்தாபனத்தின் காவலில் உள்ளது.

பல தேசங்களிற் கிளைபரப்பிய கம்பெனிகள் மலிந்த இந்நாளில், இவர் சரித்திரம் நமக்கு இரு பாடங்களைப் புகட்டுகின்றது. கண்ணெதிரே நிற்குந் தொழிலாளியைச் சகோதரனாய் மதித்தல் அரிய அறமே. முகங்காணாத தொழிலாளியையும் அங்ஙனமே மதித்தல் அதனினும் அரியது. முன்னதைச் செவ்வனே செய்த உத்தமரும் பின்னதிற் காலந் தாழ்த்தாரெனின், நாம் எத்துணை விழிப்பாய் இருத்தல் வேண்டும்! நாளை நம்மிற் சிலர் பிறரை வேலைவாங்கும் ஆசனங்களில் அமர்வோம். அன்று பூர்ன்வில்லையும் நினைப்போம். அந்த ஒரு பார்திங்கையும் மறவோம்.