மகளுக்கும் சொத்து: பதவியைத் துறந்த அம்பேத்கர்

தொழில் தொடங்க பேங்க்ல லோன் கேட்டுப் போறீங்க. அடமானம் வைக்கச் சொத்து இருக்கான்னு கேட்பாங்க. பெண்கள் பலருக்கு அங்கேயே கதவு மூடிவிடும்.

1891-ல் மாவ் நகரில் பிறந்த அம்பேத்கர், 1947-ல் நாட்டின் முதல் சட்ட அமைச்சர் ஆனார். மகளுக்குச் சொத்தில் பங்கு, மனைவிக்கு விவாகரத்து உரிமை தரும் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவுக்காக நாடாளுமன்றத்தில் போராடினார். எதிர்ப்பு வலுத்தது, மசோதா முடங்கியது. 1951-ல் அவர் பதவி விலகியதற்கு இது முக்கியக் காரணம்.

மசோதாவின் ஒரு பகுதி, 1956 ஜூனில் வாரிசுரிமைச் சட்டமாக வந்தது. அந்த டிசம்பரில் அவர் மறைந்தார். ஆனால், பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை மகளுக்கு நாடு முழுக்கக் கிடைத்தது 2005-ல்தான்.

சட்டம் வந்தாச்சு. உங்க வீட்டுப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கு?