குடிகாரப் பட்டம் சுமந்த ஓவியர்

மதுக்கடையில் குடியானவர்கள் சீட்டாடுகிறார்கள். ஆட்டம் முற்றி ஒருவன் மற்றவன் தலைமயிரைப் பிடிக்கிறான். மூலையில் ஒருவன் புகை இழுத்து மயங்கிக் கிடக்கிறான். அட்ரியான் பிரௌவர் என்ற ஓவியர் இப்படிப்பட்ட காட்சிகளையே வரைந்தார். வரைந்தவரும் அப்படித்தான் இருந்திருப்பார் என்று உலகம் முடிவு கட்டிவிட்டது!

பிரௌவர் 1605-ம் ஆண்டுவாக்கில் பிறந்தவர். இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஊடெனார்டே அவரது ஊர். தகப்பனார், திரைச்சீலை நெய்பவர்களுக்கு மாதிரிப் படம் எழுதிக் கொடுப்பவர். மகனுக்குப் பதினைந்து, பதினாறு வயதில் அவர் வறுமையிலேயே காலமானார். அதற்கு முன்பே பையன் வீட்டை விட்டுப் புறப்பட்டுவிட்டான்.

அப்போது பெல்ஜியப் பகுதி ஸ்பெயின் மன்னரின் ஆட்சியில் இருந்தது. வடக்கே ஹாலந்து, ஸ்பெயினை உதறிவிட்டுத் தனிக் குடியரசாகிவிட்டது. பிழைப்பு அங்கேதான். 1625-ல் ஆம்ஸ்டர்டாமிலும், 1626-ல் ஹார்லெம் நகரிலும் பிரௌவர் இருந்தார். ஹார்லெமில் கவிதை, நாடக சபை ஒன்றிலும் சேர்ந்திருந்தார். பிறகு தெற்கே திரும்பி, 1631-32-ல் ஆன்ட்வெர்ப் நகர ஓவியர் சங்கத்தில் உறுப்பினரானார். இதனால்தான் டச்சுக்காரர்களும் பெல்ஜியக்காரர்களும் அவரை எங்களவர் என்கிறார்கள்.

1633-ல் ஆன்ட்வெர்ப் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். அந்தக் கோட்டையில் ரொட்டி சுட்டுக் கொடுத்த கிராஸ்பீக் என்பவர் பின்னாளில் பிரௌவரைப் பின்பற்றி ஓவியரானார். கடன் பிரௌவரைக் கடைசிவரை விடவில்லை. 1638 ஜனவரியில், முப்பத்திரண்டு வயதளவில் இறந்தார். முதலில் பொதுக் குழியில் புதைத்தார்கள். நண்பர்கள் மனம் பொறுக்காமல் உடலை எடுத்து, பிப்ரவரி 1-ந் தேதி கார்மலைட் மடத்துக் கோயிலில் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

1718-ல் ஹூப்ராகன் என்பவர் ஓவியர்களின் வரலாறு எழுத ஆரம்பித்தார். அவர் கதையில் பிரௌவர் ஹார்லெமிலேயே பிறந்துவிட்டார். குரு பிரான்ஸ் ஹால்ஸ் பையனைப் பரணில் அடைத்து, அவன் படங்களை விற்றுப் பணம் பண்ணினார். தப்பித்த பையன் குடித்தே அழிந்தான். படிக்கச் சுவையான கதை! நூற்றைம்பது ஆண்டு நின்றது. 1873-ல் வில்ஹெல்ம் ஷ்மிட் என்ற ஜெர்மானியர் பழைய ஆவணங்களோடு ஒப்பிட்டு, இந்தக் கட்டுக்கதைகளைப் பிரித்துக் காட்டினார்.

ஆளைப் பற்றிய கதையில் மட்டுமா போலி? படத்திலும் போலி! பிரௌவர் உயிரோடிருக்கும்போதே அவர் படங்களை நகலெடுத்து விற்றார்கள். 1632-ல் அவரே நோட்டரி முன் போய், குடியானவர் நடனம் என்று தாம் வரைந்தது ஒரே படம்தான், அது ரூபென்ஸிடம் இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டி வந்தது. மேதை ரூபென்ஸ் 1640-ல் இறந்தபோது அவர் வீட்டில் பிரௌவர் படங்கள் பதினேழு இருந்தன. திவாலான ரெம்பிராண்டின் 1656-ம் ஆண்டு சொத்துப் பட்டியலிலும் பிரௌவர் பெயர் வருகிறது. வெறும் குடிகாரன் கிறுக்கியதை இந்த இருவரும் சேர்த்து வைப்பார்களா?

உண்மைப் படத்தைக் கண்டுபிடிப்பது லேசல்ல. பிரௌவர் கையெழுத்திட்டது அபூர்வம். ஏ, பி எழுத்துக்களைப் பின்னால் வந்தவன் எழுதிச் சேர்த்துவிடலாம். பழைய ஓக் பலகையின் வளைய ரேகைகளை எண்ணினால், மரம் எந்த ஆண்டுக்கு முன் வெட்டப்பட்டிருக்க முடியாது என்று தெரியும். அது போலியைத் தள்ள உதவும். அதே காலத்துச் சீடனின் படத்தைத் தள்ள உதவாது. எனவே கைப்பாங்கைத்தான் பார்க்க வேண்டும். பிரௌவர் வண்ணத்தை மிக மெலிதாகப் பூசுவார். அடிப்பூச்சு ஊடே தெரியும். போலிகளில் வண்ணம் கனத்து, கோடு விறைத்து நிற்கும்.

முகமே கடைசிச் சாட்சி. பிராங்க்பர்ட்டில் உள்ள கசப்பு மருந்துப் படத்தைப் பாருங்கள். ஒரு கையில் சீசா, மறு கையில் கிண்ணம். மருந்தை விழுங்கியவன் கண்ணை இடுக்கி, வாயைக் கோணுகிறான். பார்ப்பவர் நாக்கிலும் கசக்கும்! நகலெடுத்தவர்கள் கோணல் வாயை வரைந்தார்கள், கசப்பு வரவில்லை.

பிரௌவர் வரைந்தவை என்று நிபுணர்கள் இன்று ஒப்புக்கொள்பவை அறுபது சொச்சம்தான். அவற்றில் பெரும் தொகுப்பு மியூனிக் நகரில் இருக்கிறது. நியூயார்க்கில் உள்ள புகை பிடிப்போர் படத்தில், நண்பர்கள் நடுவே நம்மைத் திரும்பிப் பார்த்துப் புகையை ஊதுகிறவர் பிரௌவரே என்கிறார்கள்.