இராபர்ட் பிராஸ்ட்

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து வட்டாரக் கவிஞராகப் போற்றப்படும் இராபர்ட் பிராஸ்ட், 1874ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தார். பதினொன்றாம் வயதில் தந்தையை இழந்தார்; குடும்பம் மாசசூசெட்ஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில் குடியேறியது. பின்னர் நியூ ஹாம்ஷயரின் டெர்ரி என்னும் ஊரில் கோழிப்பண்ணை நடத்தினார்; பிங்கர்ட்டன் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தார். கல்வேலி சீரமைத்தும் புல்லறுத்தும் வாழ்ந்த உழவர்களின் பேச்சோசையையே தம் கவிதைக்கு அடித்தளமாக்கினார். அமெரிக்க இதழ்கள் அவற்றைப் பெரிதும் ஏற்கவில்லை. மனந்தளராத அவர், பண்ணையை விற்று, 1912இல் மனைவி மக்களுடன் இங்கிலாந்து சென்றார். அடுத்த ஆண்டே முதல் தொகுப்பு இலண்டனில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 39. 1915இல் புகழுடன் தாயகம் திரும்பி, ஆம்ஹெர்ஸ்ட் முதலிய கல்லூரிகளில் கற்பித்தார். புலிட்சர் பரிசை நான்கு முறை வென்றார். 1961இல் கென்னடியின் பதவியேற்பு விழாவில் கவிதை சொன்ன அவர், 1963இல் மறைந்தார். தாய்நாடு காலந்தாழ்த்தி ஏற்ற அவர்தம் கவிதைகளில் அவ்வுழவர்களின் குரல் இன்றும் ஒலிக்கிறது.