கூரைக்குத் திரும்பிய எடிசனின் மின்சாரம்

வீட்டுக் கூரையில் சோலார் தகடு பொருத்தும் தொழிலைக் கற்க வரும் இளையர்களுக்கு நான் முதலில் சொல்வது தாமஸ் ஆல்வா எடிசனின் வாழ்க்கை வரலாற்றைத்தான். மின்விளக்கு என்றதும் அவர் பெயர் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். அந்த மின்சாரத்தை ஆபத்தில்லாமல் வீட்டுக்குள் கொண்டுவர அவர் பட்ட பாடு பலருக்குத் தெரியாது.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 1847 பிப்ரவரி 11ஆம் தேதி எடிசன் பிறந்தார். பள்ளிக்குச் சென்றது சில மாதங்களே. தாயார்தான் வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தார். 12 வயதில் ரயிலில் நாளிதழும் மிட்டாயும் விற்றார். செவித்திறனும் குறைந்தது. 1862இல் தண்டவாளத்தில் நின்ற ஒரு சிறுவனை ரயில் பெட்டி மோதாமல் காப்பாற்றினார். சிறுவனின் தந்தையான நிலைய அதிகாரி, நன்றிக்கடனாகத் தந்தித் தொழிலைக் கற்றுத் தந்தார். எடிசனின் பிழைப்பு மின்சாரத்தோடு பிணைந்தது அப்போதுதான்.

1879இல் நெடுநேரம் எரியும் கரியிழை விளக்கை உருவாக்கினார். 1882 செப்டம்பர் 4ஆம் தேதி நியூயார்க்கின் பேர்ல் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து 110 வோல்ட் நேர் மின்னோட்டத்தை, அதாவது டிசி மின்சாரத்தை, வழங்கத் தொடங்கினார். கம்பி சூடேறி ஒரு வீடு எரிந்தாலும் மக்களின் நம்பிக்கை போய்விடும். அதனால் மின்சாரம் அளவை மீறினால் உருகி அறும் ஃபியூஸைப் பயன்படுத்தினார். தானே இணைப்பைத் துண்டிக்கும் சர்க்கிட் பிரேக்கரின் தொடக்க வடிவத்தையும் 1879ஆம் ஆண்டுக் காப்புரிமை விண்ணப்பம் ஒன்றில் விவரித்திருந்தார்.

பின்னர் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் ஏசி எனும் மாறுதிசை மின்னோட்டத்தோடு போட்டிக்கு வந்தது. அது ஆபத்தானது என்று எடிசன் பிடிவாதமாக எதிர்த்தார். ஆனாலும் தொலைதூரத்திற்கு எளிதில் அனுப்ப முடிந்த ஏசியே வென்றது. 1,093 அமெரிக்கக் காப்புரிமைகளைப் பெற்ற எடிசன், 1931 அக்டோபர் 18ஆம் தேதி காலமானார்.

தோற்றுப்போன அந்த டிசிதான் இன்று நம் கூரையில் உற்பத்தியாகிறது. ஓடும் மின்சாரத்தைத் துண்டிக்கும்போது பிரேக்கருக்குள் தீப்பொறி வளைவு எழும். நம் வீட்டு ஏசி மின்சாரம் நொடிக்கு 100 முறை சுழியத்தைத் தொடுவதால் அந்தப் பொறி எளிதில் அணையும். டிசி சுழியத்தைத் தொடுவதே இல்லை. பொறி நீடித்துப் பெட்டியையே எரித்துவிடலாம். அதனால் மலிவாகக் கிடைக்கிறதென்று, ஏசிக்கு மட்டுமே உரிய பிரேக்கரைத் தகடுகளின் பக்கம் பொருத்தக் கூடாது.

தேர்ந்தெடுக்கும்போது மூன்றைப் பாருங்கள். முதலாவது வோல்ட். தலா 40 வோல்ட் தரும் 10 தகடுகளை வரிசையாக இணைத்தால் 400 வோல்ட். பிரேக்கரின் டிசி வோல்ட் அளவு அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டாவது ஆம்பியர். தகட்டின் குறுக்குச்சுற்று மின்னோட்டம் 11 ஆம்பியர் என்றால், அதை 1.25ஆல் பெருக்க 13.75 வரும், அடுத்த அளவான 16 ஆம்பியரை எடுக்கலாம், கம்பி அதைத் தாங்குமானால். மூன்றாவது துருவம். சில டிசி பிரேக்கர்களில் நேர், எதிர் முனைகள் குறிக்கப்பட்டிருக்கும். மாற்றி இணைத்தால் பொறி அணையாது.

பொருத்தும் வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே விடுங்கள். பிரேக்கரின் மேல் அச்சிட்டிருப்பதை வாசித்துப் பார்ப்பது மட்டும் உங்கள் வேலையாக இருக்கட்டும்.