வெள்ளி நாவலர் சாஸ்திரியார்

கோலியனூரிலிருந்து கல்லூரிக்கு வரும் பேருந்தில் எங்களிடையே ஓயாது எழும் வினா ஒன்றுண்டு. 'எத்தனையாவது பிள்ளை நீ?' என்பதை ஆங்கிலத்தில் எப்படிக் கேட்பது? நேரான ஒற்றைச் சொல் கிடைப்பதில்லை. மூத்தவனா, இளையவனா என்று சுற்றி வளைக்க வேண்டியிருக்கிறது. தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் பேசுவோர்க்குரிய இத்தொல்லையை வென்ற ஒருவரைப் பற்றி எழுத விழைகிறேன்.

வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் 1869இல் வலங்கைமானில் ஏழைப் புரோகிதரின் மகனாகப் பிறந்தார். குடந்தையில் கற்றார். சேலத்திலும் திருவல்லிக்கேணியிலும் பள்ளி ஆசிரியராயிருந்தார். பிள்ளைகளுக்குக் கற்பித்தே தம் ஆங்கிலத்தை மெருகேற்றினார் என்பது என் எண்ணம். 1907இல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1927இல் இந்திய அரசின் முதல் பிரதிநிதியாகத் தென்னாப்பிரிக்கா சென்றார். ஆங்கிலேயரே அவரை வெள்ளி நாவலரெனப் போற்றினர். 1935 முதல் 1940 வரை, நமக்கு அண்மையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர்.

அவருடைய மிதவாத அரசியல் எனக்கு உடன்பாடன்று. காந்தியடிகளோடும் அவர் முரண்பட்டதுண்டு. ஆயினும் அடிகளின் சத்திய சோதனைக்கு வந்த ஆங்கில மொழிபெயர்ப்பைத் திருத்தித் தந்தவர் அவரே. தம் பெயர் வெளிவரலாகாது என்பது அவர் விதித்த நிபந்தனை. 1940ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் மொழிபெயர்ப்பாளர் மகாதேவ தேசாய், பெரியவர் ஒருவர் உதவினார் என்று மட்டுமே எழுதினார். பள்ளி நாட்களில் ஒருவன் ஆங்கிலத்தில் தடுமாறினால் வகுப்பே சிரிக்கக் கண்டவன் நான். அதனாலோ என்னவோ, அவருடைய புகழ்பெற்ற சொற்பொழிவுகளைவிட இச்செயலே என்னைக் கவர்கிறது.

1946இல் அவர் மறைந்தார். அந்நூல் அத்திருத்தங்களோடு இன்றும் அச்சாகிறது. அட்டையில் அவர் பெயர் இல்லை.