பி.டி. சார்களுக்கெல்லாம் ஒரு சார்

உங்க ஸ்கூல் பி.டி. சாரை ஞாபகம் இருக்கா மக்களே? கழுத்துல விசில், கையில வாலிபால். பரீட்சை நெருங்குற நேரத்துல மேத்ஸ் சார் வந்து பீரியடைக் கேட்டா, ஒண்ணும் சொல்லாம கொடுத்துட்டுப் போயிடுவார். புதுக்கோட்டையோ அறந்தாங்கியோ, எந்த ஊர்ல படிச்சிருந்தாலும் இந்தக் கதை ஒண்ணுதான். அந்த பி.டி. சார்களுக்கெல்லாம் ஒரு சார் இருந்தார். பேரு ஹாரி குரோ பக்.

1884-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர். படித்தது ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில். 1891-ல் ஜேம்ஸ் நைஸ்மித் பாஸ்கெட்பாலைக் கண்டுபிடித்தாரே, அதே இடம்தான். வாலிபாலை உருவாக்கிய வில்லியம் மார்கனும் அங்கே படித்தவர்தான்.

1919-ல் பக் சென்னைக்கு வந்தார். அப்போ நம்ம பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் டிரில்தான். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பலர் டிரில் மாஸ்டராக இருந்தார்கள். லெஃப்ட், ரைட், அவ்வளவுதான். விளையாட்டு நல்லா ஆடத் தெரிஞ்ச சில பேருக்கு மட்டும். மத்தவங்க சுத்தி நின்னு கைதட்டணும்.

பக்குக்குப் பல விளையாட்டுகள் தெரியும். ஒரு நல்ல டீமைத் தயார் பண்ணி, கப் ஜெயிச்சு, பேர் வாங்கியிருக்கலாம். ஆனா ஒரு கோச் ஒரு டீமைத்தான் உருவாக்க முடியும். நூறு ஆசிரியர்களை உருவாக்கினால் நூறு பள்ளிகளுக்குப் போய்ச் சேரும். நம்ம இன்ஜினியரிங் பாஷையில சொன்னா, மெஷின் செய்யற மெஷினைச் செய்யப் போனார் மனுஷன்.

1920-ல் ஓர் ஓலைக் கொட்டகையில் ஐந்து மாணவர்களோடு தொடங்கியது அவருடைய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. இன்னிக்கு சென்னை நந்தனத்துல அண்ணா சாலைப் பக்கம் பார்க்கிறோமே, அதே கல்லூரிதான். தடகளம், பாஸ்கெட்பால், வாலிபால் மட்டும் சொல்லிக் கொடுத்து நிறுத்தவில்லை. உடம்பு எப்படி வேலை செய்யுது என்பதும் பாடம். அமெரிக்கக்காரர்தானே என்று நினைக்காதீங்க, தண்டால், பஸ்கி, கபடி எல்லாத்துக்கும் அங்கே இடம் கொடுத்தார்.

1924 பிப்ரவரியில் டெல்லியில் அகில இந்திய ஒலிம்பிக் போட்டிகள் நடந்தன. அங்கே தேர்வானவர்களை அழைத்துக்கொண்டு பாரிஸ் ஒலிம்பிக்குக்கு மேனேஜராகப் போனவர் பக்தான். பதக்கம் எதுவும் வரவில்லை. ஆனா நாட்டுக்கு ஒரு நிரந்தர அமைப்பு வேணும்னு பக்கும் அவருடைய ஒய்.எம்.சி.ஏ. சகா நோரனும் உழைத்தார்கள். 1927-ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானது. தலைவர் தோராப்ஜி டாடா, செயலாளர் நோரன். அதுக்கப்புறமும் பக் தன்னோட கல்லூரியை விடவில்லை. 1943-ல் இறந்தார்.

அவர் பயிற்சி கொடுத்தவர்கள் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் போய், அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அப்படித்தான் உடற்கல்வி ஆசிரியர் என்பது படிச்சுப் பட்டம் வாங்கிச் செய்யற வேலையாக மாறியது. டீம்ல இடம் கிடைக்காத பையனுக்கும் பொண்ணுக்கும் டைம்டேபிள்ல ஒரு பீரியட் வந்தது.

அந்தப் பீரியடைத்தான் நாம சுலபமா மேத்ஸுக்குத் தூக்கிக் கொடுத்தோம். நமக்கு அரியர் பயம், பிளேஸ்மென்ட் பயம், சரிதான். இருந்தாலும் யோசிச்சுப் பாருங்க, இந்த செமஸ்டர்ல எத்தனை நாள் கிரவுண்டுல இறங்கினீங்க? இன்னிக்குச் சாயங்காலம் ஒரு அரை மணி நேரம் வாங்க. ஆடத் தெரியலைன்னாலும் பரவாயில்லை.